முறிகண்டியில் நின்ற மொறிஸ்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில், மாங்குளத்தைக் கடந்து கிளிநொச்சியை அணுகும் வாகனம் எதுவாயினும், அதன் சாரதி எச்சமயத்தவராயினும், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் சற்றே தரித்து, தேங்காயொன்றை உடைத்தோ, உண்டியலில் ஒரு நாணயத்தை இட்டோ, கச்சான் பொதியொன்றை வாங்கிக்கொண்டோ பிரயாணத்தைத் தொடர்வது தலைமுறைகளாக நிலைத்துவிட்ட வழக்கம். அங்கே அரை மணி நேரம் நிற்பவர் வன்னியின் வாகனங்கள் அனைத்தையும் கண்டுவிடலாம்: கொழும்புக்கு ஓடும் சொகுசு பஸ்களும், மணல் ஏற்றிய டிப்பர்களும், கன்ரர்களும், ஹயஸ் வான்களும், மரக்கறியோடு வரும் பட்டாக்களும், புழுதி படிந்த உழவு இயந்திரங்களும் அங்கே வந்து நின்று போகும்.

அண்மையில் ஒரு காலை அவ்வாறு நின்றுகொண்டிருந்தபோது, அவற்றுக்கிடையே சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், உருண்ட முகமும் குழந்தையின் கண்களைப் போன்ற இரு விளக்குகளும் கொண்டு, முதிரைப் பலகை அடித்த பின்தட்டில் மூன்று நெல் மூடைகளைச் சுமந்தபடி, மொறிஸ் மைனர் பிக்கப் வண்டியொன்று மெல்ல வந்து நின்றது. அதன் உருவத்தைக் கண்டு, பழைய மொறிஸுக்கே உரிய அந்தத் தொண்டை கட்டிய சத்தத்தை என் செவி எதிர்பார்த்திருந்தது. ஆனால் எழுந்ததோ, சீராகவும் அடங்கியும் ஒலித்த வேறொரு நாதம். என் வியப்பைக் கவனித்த சாரதி, கையிலிருந்த கச்சானை நீட்டியவாறே சிரித்தார்.

“முகம் மட்டுந்தான் மொறிஸ், ஐயா. நெஞ்சு நிசான்ர. பின்னச்சும் நிசான்ரதான். அப்பான்ர காலத்தில மண்ணெண்ணெய் குடிச்சுக்கொண்டு ஓடினது. இப்ப பெற்றோல்தான் குடிக்குது.”

அவர் கூறிய அந்தச் சில வாக்கியங்களுக்குள் வன்னியின் எழுபதாண்டுச் சரித்திரமே அடங்கியிருக்கிறதென்று எனக்குத் தோன்றிற்று. பழைய வண்டியொன்றின் மேனியை வைத்துக்கொண்டு அதன் அகத்தே புதிய இயந்திரத்தைப் பொருத்துவது செல்வம் மிகுந்த தேசங்களில் ஒரு பொழுதுபோக்கு. இங்கோ அது நிர்ப்பந்தத்திற் பிறந்து, அநுபவத்தில் வளர்ந்து, காலக்கிரமத்தில் ஒரு கலையாகவே முதிர்ந்துவிட்டது. அக்கலையை உள்ளபடி எழுதிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு அங்குல அகலம்

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. அதனை வடிவமைத்தவர், ஸ்மிர்னா நகரிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறியவரும், பிற்காலத்தில் ‘மினி’ காரை ஆக்கியவருமான அலெக் இஸிகோனிஸ். பரீட்சார்த்தமாகச் செய்த வண்டி ஏறக்குறைய முற்றுப்பெற்ற நிலையில், அது ஒடுங்கியிருக்கிறதென்று அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே அதனை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்து, கண்ணுக்கு ஒத்துவந்த இடத்தில் நிறுத்தினார். அவ்விடைவெளி நான்கு அங்குலம். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையும், முதல் வண்டிகளின் முன்தாங்கியில் இடையே வைத்துப் பொருத்திய துண்டும் அந்த அறுப்பின் தழும்புகள். ஆதியிலேயே அறுத்து ஒட்டப்பட்டுப் பிறந்த வண்டி இது என்பதை அறிந்தவருக்கு, இன்றைய கராஜில் ஒருவர் வெல்டிங் சுவாலையோடு அதன் முன் குந்தியிருப்பது அபசாரமாகத் தோன்றாது.

இஸிகோனிஸ் அவ்வண்டிக்கென முதலில் எண்ணியிருந்தது, நான்கு சிலிண்டர்களும் இரு பக்கமும் படுத்தவாறு கிடக்கும் தட்டையான ஓர் எஞ்சின். அதற்கு வேண்டிய அகலத்தை முன்பகுதியில் விட்டே அவர் வண்டியை வகுத்தார். அந்த எஞ்சின் ஒருபோதும் உற்பத்திக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய பழைய எஞ்சினொன்று பொருத்தப்பட்டது. அன்று வெறுமையாக விடப்பட்ட அந்த அகலமே, வேற்று நாட்டு எஞ்சின்கள் இன்று அதற்குள் இலகுவில் இறங்குவதற்கு வழிவிட்டு நிற்கிறது.

பிக்கப் வடிவம் 1953இல் வந்தது. மற்றைய மைனர்களில் தகட்டுடலே எலும்பாகவும் நின்று பாரத்தைத் தாங்க, பிக்கப்புக்கும் வானுக்கும் மட்டும் தனியான உருக்குச் சட்டம், எங்கள் கராஜ்களில் ‘செசி’ எனப்படுவது, அமைக்கப்பட்டது. அதற்கு விதித்த சுமை கால் தொன், அதாவது ஐந்து அந்தர். ஏறக்குறைய நான்கு மூடை நெல். பிரித்தானியாவில் பத்து இலட்சத்தை எட்டிய முதற் காரென்ற கீர்த்தியை மைனர் பெற்றது. பிக்கப்பும் வானும் 1971 வரை செய்யப்பட்டன.

இலங்கையில் 1960களின் தொடக்கத்திலேயே, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் சந்தை திறந்துவிடப்படும் வரை, நாட்டிலிருந்த மொறிஸையும் ஒஸ்ரினையும் எப்படியாயினும் ஓட்டியே தீரவேண்டுமென்ற நிலையில், பழுதுபார்த்தல் ஒரு ஜீவனோபாயமாயிற்று. உதிரிப்பாகத்தை வாங்குவதிலும் அதனைச் செய்துகொள்வதே சுலபமாயிற்று. இத்தேசத்துத் தகர வேலைக்காரரின் கைத்திறன் எத்தகையதென்பதற்கு ஒன்று சொல்லலாம்: இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களுக்கென்றே ஒரு நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், அவ்வண்டிகளுக்கு வேண்டிய உதிரித் தகடுகளை இலங்கையிற் செய்வித்து எடுத்தார். பிறந்த வீட்டுக்கே உறுப்புச் செய்து அனுப்பும் அளவுக்கு, வந்த நாடு அவ்வண்டியை அறிந்திருந்தது.

மண்ணெண்ணெய்க் காலம்

தென்னிலங்கையில் மொறிஸ் இவ்வாறு முதுமையடைந்துகொண்டிருக்க, வன்னியில் அது வேறொரு சோதனைக்கு உள்ளாயிற்று. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதோடு, வடக்கின் அரச கட்டுப்பாடற்ற பிரதேசங்களுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றி முதலியன தடுக்கப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட அந்நாட்களில், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும், இடம்பெயர்வோரின் பண்டபாத்திரங்களை ஏற்றவும், எஞ்சியிருந்த பழைய கார்களே கைகொடுத்தன.

அவை ஓடியது மண்ணெண்ணெயில். பெற்றோல் சொற்பமும் கிடைப்பதரிதாக இருந்தமையால், அதனைச் சிறிய பிளாஸ்ரிக் போத்தலொன்றில் பத்திரப்படுத்தி, காபிரேற்றரின் வாயிற் சில துளிகளைப் பீய்ச்சி எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்போத்தலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘சூப்பி’. பாலுண்ணும் சிசுவின் வாயில் வைக்கும் பொருளின் பெயரையே எஞ்சினை எழுப்பும் கருவிக்குச் சூட்டினார்களென்பதில், அவ்வண்டிகளை அவர்கள் எவ்வளவு வாஞ்சையோடு பேணினார்களென்பது புலப்படும்.

இதன் பின்னாலுள்ள சாஸ்திரத்தைக் கூறாது விடலாகாது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது திரவமாகவே சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, கீழிறங்கி, எஞ்சின் ஒயிலைக் கரைத்து நீர்த்துவிடும். அன்றியும், அழுத்தம் மிகுந்த எஞ்சினில் அது உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து, பிஸ்ரனைச் சம்மட்டியால் அடிப்பதுபோலத் தாக்கும். அழுத்தம் குறைந்த எஞ்சினில் மாத்திரமே அது ஒருவாறு அமைதியாக எரியும். முதல் மொறிஸ் மைனரின் அழுத்த விகிதம் ஏழுக்கும் குறைவு; 1952இல் வந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு ஏழுக்குச் சற்று மேல்; 1962இல் வந்த 1098இற்கோ எட்டரை. ஆகவே, எந்த எஞ்சின் அதிகம் பழையதும் பலம் குன்றியதுமோ, அதுவே பஞ்ச காலத்தில் உயிர்தரித்திருக்கத் தகுந்ததாயிற்று. புதிய யப்பானிய வாகனங்கள் எரிபொருளின்றிக் கொட்டில்களில் உறங்க, மொறிஸும் ஒஸ்ரின் ஏ40உம் வீதியில் நின்றன.

இது வன்னி மக்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுமன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த ஐரோப்பாவில் பெற்றோல் அரிதாக இருந்தபோது, பெர்குசன் உழவு இயந்திரங்களிற் சில இதே முறையில், பெற்றோலில் எழும்பி, மண்ணெண்ணெய்க்கு இனமான ஓர் எண்ணெயில் உழைக்குமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டன. ஆயின், அங்கே பொறியியலாளர் வரைபலகையின் முன்னிருந்து தீர்த்த பிரச்சினையை, இங்கே மெக்கானிக்மார், விமான ஒலிக்குச் செவிகொடுத்தபடி, மரநிழலிலிருந்து தீர்த்தார்கள். அக்காலத்து வன்னி வீதிகளில் நடந்தவர் எவரும் அந்த வெண்புகையையும் அதன் நெடியையும் மறந்திருக்கமாட்டார்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. 2008இன் பிற்பகுதியிலும் 2009இன் தொடக்க மாதங்களிலும், கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோரிடமாகப் பெயர்ந்து, ஈற்றில் முள்ளிவாய்க்கால் மணலில் ஒடுங்கிய சனங்களோடு அவர்களுடைய வாகனங்களும் சென்றன. மனிதர் பட்ட துயரத்தின் முன்னே இரும்பின் கதியைப் பேசுவது தகாது. எனினும், நந்திக்கடலோரத்தில் எரிந்தும் துருவேறியும் குவிந்து கிடந்த உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் லொறிகளும், ஒரு சமூகம் தன் உழைப்பால் ஈட்டிய சொத்து எவ்வளவு அங்கே அழிந்ததென்பதற்குச் சாட்சியாக நின்றன. யுத்தத்தின் முடிவில் சனங்கள் வைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டு வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். எஞ்சிய சட்டமொன்று, அயலில் விலைக்குக் கிடைத்த கூடொன்று, வவுனியாவில் வாங்கிய எஞ்சினொன்று என்று சேர்த்து வண்டி கட்டுவது அவர்களிற் பலருக்கு வாழ்வைக் கட்டும் வேலையின் ஓர் அங்கமாயிற்று.

நெஞ்சு மாற்றும் வைத்தியம்

இனி, இத்தகைய வண்டியொன்றைக் கட்டும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். அனுபவசாலியான மெக்கானிக் முதலிற் பார்ப்பது எஞ்சினையன்று, சட்டத்தை. சிறு சுத்தியலை எடுத்து, செசியின் நெடுகிலும் தட்டிக்கொண்டே போவார். கணீரென்ற ஓசை வந்தால் இரும்பு உயிரோடிருக்கிறது. மந்தமான ஓசை வந்தால் உள்ளே துரு தின்றுவிட்டது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் மீன்பெட்டி சுமந்த வண்டியாயின், உப்புநீர் இறங்கிய இடங்களை இருமுறை தட்டுவார். கெட்ட பகுதியை முழுவதும் அறுத்தெடுத்து, அதே கனமுள்ள புதிய தகட்டை ஒட்டவேண்டும். துருவின் மேல் தகடு வைத்து மூடுவது புண்ணைக் கழுவாமற் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது எஞ்சின். இந்நாட்டில் மொறிஸுக்குள் நெடுங்காலமாக இறக்கப்பட்டு வருவனவற்றுள் நிசான் சனியின் ஏ12, ஏ14 எஞ்சின்கள் முக்கியமானவை. முன்னது 1171 கன சென்ரிமீற்றர், பின்னது 1397. சனி பி310 பின்சக்கர இயக்கமுடையதாகையால், எஞ்சினும் கியர்பொக்ஸும் மொறிஸில் இருக்கவேண்டிய அதே திசையிலேயே நெடுக்காக அமைந்துவிடும். இங்கு ஒரு சரித்திர உறவும் உண்டு. 1952இல் நிசான் நிறுவனம் இங்கிலாந்தின் ஒஸ்ரின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, ஒஸ்ரின் கார்களை யப்பானிற் பொருத்தியே நவீன கார்த்தொழிலின் நுட்பங்கள் பலவற்றைக் கற்றது. அதே 1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே கூட்டு நிறுவனமாயின. ஆகவே, மொறிஸின் கூட்டுக்குள் நிசான் எஞ்சின் இறங்கும்போது, தூரதேசம் சென்று தொழில் கற்ற பேரன் பாட்டன் வீட்டுக்குத் திரும்புகிறானென்று கொள்வதிற் பிழையில்லை.

எஞ்சினை இறக்குவதிலும் அதனை அமர்த்துவதே நுட்பமான வேலை. எண்ணெய்த் தட்டு குறுக்குச் சட்டத்தில் முட்டலாகாது. ஸ்ரியறிங் தண்டு புகைக்குழாயைத் தொடலாகாது. விசிறி றேடியேற்றரை உரசலாகாது. எஞ்சின் தாங்கிகளைத் தற்காலிகமாக ஒரு பொட்டு ஒட்டில் நிறுத்தி, நூல் பிடித்து, மட்டம் பார்த்து, திருப்தியான பின்னரே முழு ஒட்டும் இடுவார்கள். பின்னர் கியர்பொக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டைக் கடைச்சற் பட்டறைக்குக் கொண்டுசென்று, வேண்டிய நீளத்துக்குக் குறைத்து ஒட்டி, சுழற்றிச் சமநிலை பார்க்கவேண்டும். தண்டின் இரு நுனிகளிலுமுள்ள மூட்டுக்கள் ஒரே கோணத்தில் நிற்பது அவசியம். ஒன்று கூடி ஒன்று குறைந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் நடுங்கத் தொடங்கும்.

அதன் பின் அச்சு. 803 எஞ்சினின் பலவீனத்தை ஈடுசெய்யும் பொருட்டு, தண்டு ஐந்து முறைக்கு மேற் சுழன்றாலன்றிச் சக்கரம் ஒருமுறை சுழலாதபடி அக்கால மொறிஸின் பின்னச்சு அமைந்திருந்தது. புதிய எஞ்சினை அதே அச்சோடு இணைத்தால், மிதமான வேகத்திலேயே எஞ்சின் அலறும்; பெற்றோலும் வீணாகும். ஆதலால் யப்பானிய அச்சைப் பொருத்தி அவ்விகிதத்தை நான்கின் அயலுக்குக் கொண்டுவருவார்கள். சுமை ஏற்றும் வண்டியாயின் வில்லுக்கு மேலதிகத் தகடொன்றைச் சேர்ப்பதுமுண்டு. ஆயினும், தகட்டைக் கூட்டினால் செசியின் பலம் கூடிவிடாதென்பதை நல்ல மெக்கானிக் உடைமைக்காரருக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது பிறேக்கை. ஓடும் வண்டியின் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஒப்ப வளர்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடிய வண்டி 75இல் ஓடினால், அதனை நிறுத்துவதற்கு இரண்டேகால் மடங்கு உழைப்பு வேண்டும். பழைய மொறிஸின் பிறேக் சிறிய தொட்டி வடிவமானது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் வழி. தலைமைச் சிலிண்டரோ சாரதியின் காலடித் தளத்தின் கீழே, புழுதியும் சேறும் படும் இடத்தில் மறைந்து கிடக்கும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பிறேக்கை மாற்றாதவர் ஓடக் கற்றுக்கொடுத்துவிட்டு நிற்கக் கற்றுக்கொடாதவராவார். முன்சக்கரங்களுக்குத் தட்டுப் பிறேக்கும், ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும்படி இரட்டை வழியும் அமைத்த பின்னரே, அவ்வண்டியைப் பிள்ளைகள் கடக்கும் வீதியில் இறக்கவேண்டும்.

மின்சாரத்திலும் ஒரு விசேஷமுண்டு. பழைய மொறிஸில் பற்றியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வாகனங்களில் எதிர்முனை. வயர்கள் அனைத்தையும் புதிதாக இழுத்து, டைனமோவை அகற்றி ஒல்ரனேற்றரை வைத்து, முனைகளை மாற்றவேண்டும். வைகாசி, ஆனி மாதங்களின் காண்டாவன வெயிலையும் கச்சான் காற்றையும் தாங்கும்படி, வழமையிலும் தடித்த றேடியேற்றரும், செம்புழுதியை வடிக்கத் தகுந்த காற்று வடியும் வேண்டும். இறுதியாக வருவது தச்சர் வேலை. தட்டிவான்களுக்கும் மாட்டு வண்டில்களுக்கும் உடல் கட்டிய மரபில் வந்த தச்சர், வன்னிக் காட்டின் முதிரையில் பின்தட்டைச் செய்வார். மழைக்கும் வெயிலுக்கும் அசையாத அம்மரத்தின் மஞ்சள் மினுக்கம், எந்தத் தொழிற்சாலையும் கொடுக்கவியலாத ஊர் முத்திரையாக அவ்வண்டியில் நிற்கும்.

இரு தேசங்கள், இரு காரணங்கள்

அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியிலும் 50களிலும் செய்த போர்ட், செவ்ரொலெற் பிக்கப்புகளை வாங்கி, புதிய எஞ்சினும் தானியங்கிக் கியரும் குளிரூட்டியும் பொருத்துவது பெருந்தொழில். அங்கே அதற்குக் காரணம் இளமையின் ஞாபகம்; தந்தையின் தோட்டத்தில் நின்ற வண்டியின் மேலுள்ள ஆசை. கியூபாவிலோ, 1960களின் அமெரிக்கத் தடைக்குப் பின், பழைய அமெரிக்கக் கார்களுக்குள் சோவியத் நாட்டு டீசல் எஞ்சின்களை இறக்கி, தேவையின் நிமித்தம் ஓட்டினார்கள், இன்றும் ஓட்டுகிறார்கள். வன்னியில் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. தேவைக்காகக் காப்பாற்றிய வண்டியே ஞாபகத்தின் இருப்பிடமுமாயிற்று. ஒளிப்படங்களையும் வீட்டையும் இழந்த குடும்பத்துக்குத் தகப்பனின் கைபட்ட ஸ்ரியறிங் சக்கரம் எஞ்சியிருப்பது சிறிய பேறன்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை அத்தடை நீடித்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நாடெங்கும் நீண்டன. ஒரு தலைமுறைக்கு வன்னி அறிந்திருந்த தட்டுப்பாட்டை அவ்வாண்டுகளில் முழு இலங்கையும் அறிந்தது. உள்ளதைப் பழுதுபார்த்து வாழும் வித்தை வறியவரின் தற்காலிக உபாயமென்று எண்ணியிருந்தவர்களுக்கு, அது ஒரு தேசத்தின் செல்வமென்பது அப்போது தெளிந்திருக்கும்.

ஆனால் அச்செல்வம் எழுத்தில் இல்லை. முதியவர்களின் விரல்களிலும் செவிகளிலும் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது; அதே அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் 2016 முதல் இளைஞருக்கு மோட்டார்த் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கிறது. கணினியைப் பொருத்தி எஞ்சினின் நோயறியக் கற்கும் அப்பிள்ளைகள், சுத்தியலின் ஓசையில் இரும்பின் நோயறியும் முதியவரின் அருகேயும் சில மாதங்கள் இருக்கவேண்டும். மண்ணெண்ணெயில் ஓட்டிய விதத்தையும், அச்சை மாற்றிய கணக்கையும், செய்து பிழைத்தவற்றையும் பிழைத்துத் திருத்தியவற்றையும் கேட்டு, அளந்து, வரைந்து, தமிழில் ஒரு நூலாக்கவேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; ஆனால் காலம் மிகுதியாக இல்லை.

முறிகண்டியில் அன்று விடைபெறுமுன், அச்சாரதி கதவுப் பையிலிருந்து பொலித்தீன் உறையொன்றை எடுத்து, அதற்குள்ளிருந்த வண்டியின் புத்தகத்தை எனக்குக் காட்டினார். எஞ்சினை மாற்றினால் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிந்தாகவேண்டும். செசி இலக்கம் மட்டும் வண்டியின் ஜன்ம அடையாளமாக மாறாதிருக்கும். பழைய எஞ்சின் இலக்கமும் அதன் பின் வந்த இலக்கமும் அவருடைய ஆவணங்களில் இருந்தன. முள்ளிவாய்க்கால் வரை அந்த உறையைத் தாய் தன் இடுப்பில் முடிந்து கொண்டுபோனதாகவும், வண்டியைக் கைவிட்ட பின்னரும் புத்தகத்தைக் கைவிடவில்லையென்றும் அவர் சொன்னார். திரும்பி வந்து தேடியபோது சட்டமும் கூடும் மாத்திரம் கிடைத்தன. செசியில் வெட்டிய இலக்கத்தைத் துருவுக்குள்ளிருந்து மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தங்கள் வண்டிதானென்று உறுதி செய்துகொண்டார்களாம்.

பிறகு அவர் புத்தகத்தை உறையிலிட்டு, உறையைக் கதவுப் பையில் வைத்து, கோயிலை நோக்கி ஒருமுறை கைகூப்பிவிட்டு, சாவியைத் திருப்பினார். சூப்பி எதுவும் வேண்டாமல், முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது. மூன்று நெல் மூடைகளையும் சுமந்துகொண்டு, மொறிஸ் கிளிநொச்சிப் பக்கமாகச் சென்றது.